குமுட்டி என்ற சொல்: எங்கிருந்து வந்தது, எதைச் சொல்கிறது

தாத்தாவின் பழைய கணக்கு நோட்டில் அத்தை கல்யாணத்துக்கு வாங்கிய சாமான் பட்டியல் இருக்கிறது, அதில் "கும்பட்டி 1, கரி அரை மூட்டை" என்று ஒரு வரி வருகிறது என்று ஆந்திரத்தில் திருத்தணிக்குப் பக்கத்தில் இருக்கிற நகரியைச் சொந்த ஊராகக் கொண்ட ஒரு தம்பி எழுதியிருந்தார். கும்பட்டி என்றால் என்ன, அது தமிழா தெலுங்கா, குமட்டல் என்ற சொல்லோடு அதற்கு உறவு உண்டா என்பது அவருடைய கேள்வி. நானும் அதே ஊர்ப் பக்கத்துக்காரன். அந்தப் பொருளோடும் சொல்லோடும் வளர்ந்தவன் என்பதால் கொஞ்சம் நீட்டியே பதில் சொல்கிறேன்.

முதலில் பொருள். கும்பட்டி, குமுட்டி, குமிட்டி, கும்மட்டி எல்லாம் ஒன்றுதான். கரி போட்டு எரிக்கிற, கையில் தூக்கிக்கொண்டு போகக்கூடிய அடுப்பு. சென்னையிலும் வேலூரிலும் குமுட்டி அடுப்பு என்றால் அறுபது வயதைத் தாண்டிய யாருக்கும் புரியும். எங்கள் வீட்டில் இருந்தது ஓர் இரும்பு வாளியை வைத்துச் செய்தது. வாளியின் நடுவில் ஓட்டை போட்ட தகடு. தகட்டுக்கு மேலே கரி, கீழே சாம்பல் விழ இடம். கீழ்ப் பகுதியில் கை நுழைகிற அளவுக்கு ஒரு வாய் வெட்டியிருக்கும். உள்பக்கம் முழுக்கக் களிமண் பூசி, விளிம்பில் பாத்திரம் உட்கார மூன்று குமிழ் வைத்திருப்பார்கள்.

அதைப் பற்றவைக்கிற வேலை எங்கள் ஆயாவுடையது. குமுட்டியை வாசலுக்குத் தூக்கிக்கொண்டு போய், தகட்டின் மேல் தேங்காய் நாரைப் பிய்த்துப் போட்டு, அதன்மேல் எலுமிச்சங்காய் அளவுக் கரித்துண்டுகளை இடைவெளி விட்டு அடுக்குவார். இரண்டு சொட்டு மண்ணெண்ணெய். நார் பிடித்துக்கொண்டதும் பனையோலை விசிறியால் கீழ் வாயில் வீசுவார். மேலே வீசினால் சாம்பல் பறக்குமே தவிரக் கரி பிடிக்காது. ஈரக்கரி என்றால் பட்பட்டென்று வெடித்துப் பொறி தெறிக்கும். முதலில் வெள்ளைப் புகை வரும், அது அடங்கிக் கரியின் மேல் நீலச்சுடர் ஓடும், அப்புறம் சுடரும் போய்விடும். கரித்துண்டுகள் மேலே சாம்பல் பூத்து உள்ளே சிவந்து கிடக்கும். அந்த நிலை வந்த பிறகுதான் குமுட்டி சமையலறைக்குள் போகும், அதன்மேல் பால் சட்டி ஏறும். விறகடுப்பில் சோறும் குழம்பும், குமுட்டியில் காபியும் பாலும் சுட்ட அப்பளமும் என்று வேலை பிரிந்திருந்தது.

இந்தக் காட்சியை இவ்வளவு சொல்லக் காரணம், சொல்லின் வேர் இதற்குள்தான் இருக்கிறது. சாம்பலுக்கு அடியில் சுடரில்லாமல் கனிந்து கிடக்கிற நெருப்பு. தெலுங்கில் அந்தச் சுடுசாம்பலுக்குக் கும்மு என்று பெயர். சுடர்விடாமல் உள்ளுக்குள்ளேயே புகைந்து எரிவது குமுலு. அதே அடியில் நிற்பதுதான் கும்படி. சி.பி.பிரவுன் 1852இல் அச்சிட்ட தெலுங்கு அகராதியிலேயே இந்தச் சொல் இருக்கிறது. பிரவுன் கடப்பையில் இருந்து வேலை பார்த்தவர், ஆகவே நம் பக்கத்துத் தெலுங்கு அவர் காதில் நிறைய விழுந்திருக்கும்.

தமிழிலும் இந்த வேர் இருக்கிறது. தண்ணீர் போதாமல் சோறு அடிப்பிடித்துக் கருகுவதைக் கும்புதல் என்றும், அப்போது வருகிற தீய்ந்த வாசனையைக் கும்பல் என்றும் அகராதிகள் சொல்கின்றன. சுடுசாம்பலுக்குக் கும்பி என்று ஒரு பெயர். இதே கரிச்சட்டிக்குத் தமிழில் கும்பிடுசட்டி என்றும் ஒரு பெயர் இருந்தது. அதைப் பார்த்துவிட்டு, சாமிக்குத் தூபம் போட்டுக் கும்பிடுகிற சட்டி என்று சிலர் பொருள் சொல்வார்கள். கேட்க நன்றாக இருக்கும், ஆனால் கும்பிடுவதற்கும் அந்தச் சட்டிக்கும் சம்பந்தமில்லை. பழைய வேர் மறந்துபோன பிறகு, தெரிந்த ஒரு சொல்லின் சாயலை மக்கள் அதன்மேல் ஏற்றிவிட்டார்கள். திராவிட மொழிகளின் வேர்ச்சொற்களைத் தொகுத்த பர்ரோவும் எமனோவும் கும்பிடுசட்டி, குமுட்டி, தெலுங்குக் கும்படி எல்லாவற்றையும் ஒரே குடும்பமாகத்தான் வைத்திருக்கிறார்கள்.

அப்படியென்றால் குமுட்டி தமிழா தெலுங்கா? வேர் இருவருக்கும் பொது. ஆனால் அடுப்பைக் குறிக்கிற இந்த வடிவம் தெலுங்குப் பக்கமிருந்து நம் சமையலறைக்கு வந்தது என்பது என் எண்ணம். காரணம் சொல்கிறேன். பழைய தமிழில் இந்தப் பொருளுக்கு வேறு பெயர்கள் இருந்தன. நெடுநல்வாடையில் வாடைக்காற்று அடிக்கிற மழைக்கால இரவைச் சொல்லும்போது, குளிருக்குப் பயந்து யாரும் குளிர்ந்த தண்ணீர் குடிக்கவில்லை, "பகுவாய்த் தடவில் செந்நெருப்பு ஆர" இருந்தார்கள் என்று வருகிறது. தடவு என்பது அகன்ற வாயுள்ள நெருப்புச் சட்டி. பிற்பாடு அதே பொருளுக்கு இந்தளம் என்ற சொல் வந்தது. குளிர்காய மூட்டுகிற தீக்குக் கணப்பு என்று பெயர், அதை வைக்கிற சட்டி கணப்புச்சட்டி. காய்ச்சல் அடிக்கும்போது உடம்பு கணகணவென்று இருக்கிறது என்கிறோமே, அந்தக் கணதான் இது. இவையெல்லாம் குளிர்காய்வதற்கான பாத்திரங்கள். குமுட்டியோ சமைக்கிற அடுப்பு. ஆந்திர, கர்நாடகப் பக்கத்தோடு போக்குவரத்து அதிகம் இருந்த வட மாவட்டங்களில்தான் இந்தச் சொல் அதிகம் புழங்குகிறது. தெற்கே போகப்போகக் கரியடுப்பு என்று சொன்னால்தான் சட்டென்று புரியும்.

இதில் இன்னொரு விசித்திரம் உண்டு. பொதுவாகத் தமிழில் ம்ப வருகிற இடத்தில் தெலுங்கில் ம மட்டும் நிற்கும். தம்பி அங்கே தம்முடு, பாம்பு அங்கே பாமு, வேம்பு அங்கே வேமு. இந்தச் சொல்லில் அது தலைகீழாக இருக்கிறது. தெலுங்கு ம்ப-வை வைத்துக்கொண்டிருக்கிறது, நம் குமுட்டியில் அது கரைந்துவிட்டது. வாய் வழியாக வந்து வாயிலேயே தேய்ந்த சொல் என்பதற்கு அதுவே அடையாளம் என்று நினைக்கிறேன். கும்படி, கும்மட்டி, பிறகு குமுட்டி. நடு எழுத்து கு-வின் உகரத்தைப் பார்த்துத் தானும் மு ஆகிவிட்டது.

இங்கேதான், தம்பி, உங்கள் தாத்தாவின் எழுத்துக்கூட்டு முக்கியமாகிறது. அவர் குமுட்டி என்று எழுதவில்லை, "கும்பட்டி" என்று எழுதியிருக்கிறார். தெலுங்கில் இந்தச் சொல்லின் டி வன்மையாக ஒலிக்கும். தமிழில் ஒற்றை டி போட்டுக் கும்படி என்று எழுதினால், நாம் படிக்கிறபோது அது "படி"யின் டி போல மெலிந்துவிடும். காதில் விழுந்த வன்மையைக் காப்பாற்ற வேண்டுமானால் ட்டி போட வேண்டும். உங்கள் தாத்தா அதைத்தான் செய்திருக்கிறார். சந்தையில் தெலுங்கில் கேட்டு வாங்கி, வீட்டுக்கு வந்து தமிழ் நோட்டில் எழுதியிருக்கிறார். நகரியிலோ புத்தூரிலோ வளர்ந்த எவரும் தினமும் இதைத்தானே செய்தோம்.

நம் பக்கத்தில் எல்லைக்கோடு வந்த கதை உங்களுக்குத் தெரிந்திருக்கும். 1953இல் ஆந்திரம் பிரிந்தபோது திருத்தணியும் சித்தூர் மாவட்டத்தோடு அந்தப் பக்கம் போனது. எல்லைத் தகராறைத் தீர்க்க நடுவராக வந்த படாஸ்கரின் பரிந்துரைப்படி 1960 ஏப்ரல் 1இல் திருத்தணி தமிழ்நாட்டுக்கு வந்தது, நகரியும் புத்தூரும் அங்கேயே நின்றன. கோடு போட்டது தாலுகாக்களுக்கு. அடுப்பங்கரைச் சாமான்கள் பழைய பெயரோடுதான் இரண்டு பக்கமும் இருந்தன. எங்கள் வீட்டுக்குப் பக்கத்து வீட்டு அவ்வா விடியற்காலையில் ஒரு கொட்டாங்குச்சியோடு வந்து நின்று, "கொஞ்செம் நிப்பு இவ்வம்மா" என்பார், கொஞ்சம் நெருப்புக் கொடம்மா என்று அர்த்தம். ஆயா முந்தின இரவு குமுட்டியில் சாம்பல் போட்டு மூடி வைத்ததைக் குச்சியால் கிளறி, உள்ளே சிவந்திருக்கிற கங்கு ஒன்றை எடுத்துக் கொட்டாங்குச்சியில் போடுவார். தீப்பெட்டிக்கு அவ்வளவு சிக்கனம். ஆனால் சாயங்காலம் விளக்கு வைத்துவிட்டால் எவ்வளவு வேண்டியவர் கேட்டாலும் வீட்டிலிருந்து நெருப்புப் போகாது.

அவ்வா கேட்ட நிப்பும் ஆயா கொடுத்த நெருப்பும் ஒரே வேர்ச்சொல்தான். நீறு பூத்த நெருப்பு என்று நாம் சொல்வதை அவர்கள் "நிவுரு கப்பின நிப்பு" என்பார்கள். நீறும் நிவுரும் ஒன்று, நெருப்பும் நிப்பும் ஒன்று, கருத்தும் ஒன்று. மொழிபெயர்க்கவே வேண்டாம், வரிசை மாறாமல் அப்படியே உட்காரும். எனக்குத் தெரிந்து இரண்டு மொழிகளும் இவ்வளவு நெருங்கி நிற்கிற சொற்றொடர்கள் குறைவு.

சொல்லின் பொருள் மனசுக்குள் போன இடம் இன்னும் அழகு. தெலுங்கில் "குண்டெல மீத கும்படி" என்று ஒரு வழக்கு. நெஞ்சின்மேல் வைத்த குமுட்டி. தீராத கவலை, எந்நேரமும் சுட்டுக்கொண்டே இருக்கிற பொறுப்பு என்று பொருள். முன்பெல்லாம் கல்யாண வயதில் பெண்ணை வைத்திருக்கிற தகப்பன் இதைச் சொல்வான். அந்த வழக்கு அந்தப் பெண்களை எவ்வளவு சுட்டிருக்கும் என்று யோசித்தால் மனது கஷ்டப்படுகிறது. நாம் வயிற்றில் நெருப்பைக் கட்டிக்கொண்டிருக்கிறேன் என்கிறோம். துக்கத்தில் உள்ளுக்குள் வெந்துபோவதற்குத் தெலுங்கில் சொல்கிற குமிலிப்போவதும் இதே அடிதான். மலையாளத்தில் இந்தச் சட்டிக்கு நெரிப்போடு என்று பெயர், நெருப்பு வைத்த ஓடு. அதுவும் நெஞ்சுக்குள் போயிருக்கிறது. மனசில் ஒரு நெரிப்போடு என்று பாலக்காட்டு நண்பர் ஒருவர் சொல்லக் கேட்டபோது எனக்கு உடனே அவ்வாவின் கும்படிதான் ஞாபகம் வந்தது. விறகடுப்பு அணையும், விளக்கு அணையும். கரி நெருப்பு மட்டும் அணைந்த மாதிரி இருந்துகொண்டு உள்ளே இருக்கும். அதனால்தான் மூன்று மொழிக்காரர்களும் துக்கத்துக்கு இந்த நெருப்பையே எடுத்தார்கள்.

இன்னொரு வழக்கு செய்தித்தாளில் தினமும் வரும். "வேரு கும்படி" வைத்தார் என்றால் தனி அடுப்பு வைத்தார், அதாவது குடும்பத்தை விட்டுப் பிரிந்தார் என்று அர்த்தம். கட்சியை உடைத்துக்கொண்டு ஒரு தலைவர் வெளியே போனாலும் தெலுங்குப் பத்திரிகைகள் இதையேதான் எழுதும். நம் ஊரில் தனிக்குடித்தனம், தனி உலை என்பதற்குச் சமம். வீட்டில் இரண்டாவது குமுட்டி வந்தால் மருமகள் தனியாகக் காபி போடுகிறாள் என்று தெரு முழுக்கத் தெரிந்துவிடும்.

இனி குமட்டல். உறவே இல்லை. வயிற்றைப் புரட்டுகிற குமட்டு வேறு சொல், ஓசை மட்டும் ஒத்துப்போகிறது. கும்மட்டிக்காய் என்று காட்டில் படர்கிற கசப்புக் காய், அதுவும் வேறு. மசூதிக் கும்மட்டம் பாரசீகச் சொல். கும்மட்டி என்று எழுதும்போது இவை எல்லாம் குழம்பும் என்பதால் நான் குமுட்டி என்றே எழுதுகிறேன்.

வடக்கே இதையே அங்கீட்டி என்பார்கள். அது அக்னிஷ்டிகா என்ற சமஸ்கிருதச் சொல்லின் தேய்வு. கன்னடத்தில் அக்கிஷ்டிகெ என்று அதே சொல் இன்னும் கொஞ்சம் முழுசாக நிற்கிறது. குப்பம் பக்கத்துக்காரர்கள் காதில் இது விழுந்திருக்கலாம்.

கரி என்ற சொல்லையும் கொஞ்சம் பார்க்க வேண்டும், ஏனென்றால் பட்டியலில் "கரி அரை மூட்டை" என்று இருக்கிறது. இன்று கரி என்றால் நிலக்கரி என்று நினைப்பவர்கள் இருக்கிறார்கள். அந்தக் காலத்து வீட்டுக் கரி அடுப்புக்கரி, அதாவது மரத்தைக் காற்று அதிகம் புகாமல் மூட்டம் போட்டு எரித்து எடுத்தது. அப்படி எரிக்கும்போதே மரத்திலிருந்த நீரும் புகையும் போய்விடும், மிச்சம் இருப்பது கரிமம். அதனால்தான் குமுட்டி புகையாமல் எரியும், சட்டியின் அடியும் விறகடுப்பு அளவுக்குக் கறுக்காது. தெலுங்கில் இது பொக்கு. மண்ணுக்கடியிலிருந்து எடுக்கிற நிலக்கரிக்கு அவர்கள் வைத்த பெயர் ராட்சசி பொக்கு. அதைக் குமுட்டியில் போட்டால் கந்தக நெடியும் புகையுமாக அந்தப் பெயருக்கு ஏற்ற மாதிரியே இருக்கும்.

ஆனாலும் குமுட்டியில் நிலக்கரி எரியவே இல்லை என்று சொல்ல முடியாது. நீராவி இஞ்சின் ஓடின நாளில் ரயில் பாதையோரத்து வீடுகளில் பாதி வெந்த ரயில் கரியைப் பொறுக்கிக்கொண்டு வந்து எரித்தார்கள். நெய்வேலி நிறுவனம் 1956இல் தொடங்கியது. பழுப்பு நிலக்கரியைக் கட்டிகளாக அழுத்தி, பிறகு சுட்டுப் புகையை எடுத்துவிட்டு லெக்கோ என்று விற்றார்கள். கரிக்கடையில் அடுப்புக்கரி ஒரு பக்கம், லெக்கோ ஒரு பக்கம் என்று குவித்து வைத்திருப்பார்கள். லெக்கோ பிடிக்க நேரமாகும், பிடித்துவிட்டால் மதியம் வரை நிற்கும். எங்கள் ஆயாவுக்கு அது பிடிக்காது, காபி மணத்தைக் கெடுக்கிறது என்பார்.

மண்ணெண்ணெய் ஸ்டவ், பிறகு கேஸ் வந்ததும் குமுட்டி பரணுக்குப் போனது. முற்றிலும் போய்விடவில்லை. திருப்பதியில் சாலையோரம் மக்காச்சோளம் சுடுகிறவர்கள் முன்னால் இருப்பது குமுட்டிதான், அதே மாதிரி விசிறி கையில் இருக்கும். நகை வேலை செய்கிற பத்தர் வீட்டிலும் சின்னதாக ஒன்று இருக்கும். தெலுங்கில் அவர்களும் அதைக் கும்படி என்றுதான் சொல்கிறார்கள்.

ஒன்று மட்டும் அழுத்திச் சொல்ல வேண்டும். மதனப்பள்ளி, ஹார்ஸ்லி மலைப் பக்கம் மார்கழியில் குளிர் தாங்காது. குமுட்டியைப் படுக்கையறையில் வைத்துக் கதவைச் சாத்திக்கொண்டு தூங்குகிற வழக்கம் சில வீடுகளில் இருந்தது. தயவுசெய்து யாரும் அதைச் செய்யாதீர்கள். கரி மேல் ஓடுகிறது என்றேனே நீலச்சுடர், அது கார்பன் மோனாக்சைடு எரிகிற சுடர். சுடர் அடங்கின பிறகு அந்த வாயு எரியாமல் அப்படியே அறைக்குள் வரும். நிறம் கிடையாது, வாசனை கிடையாது. ஆக்சிஜனைவிட 200 மடங்குக்கு மேல் பலமாக ரத்தத்தில் ஒட்டிக்கொள்ளும். தூங்குகிறவருக்கு ஒன்றும் தெரியாது. பழைய வீடுகளில் ஓட்டு இடுக்கு வழியாகக் காற்று வந்தது, இன்றைய கான்கிரீட் அறையில் அது இல்லை. பிரசவித்த பெண்ணின் கட்டிலுக்கு அடியில் நெருப்புச் சட்டி வைக்கிற வழக்கத்தையும் இதே காரணத்துக்காக விட்டுவிடுவது நல்லது.

கடைசியாக, உங்கள் வீட்டுப் பரணில் அந்தக் குமுட்டி இன்னும் இருக்கலாம் என்று எழுதியிருந்தீர்கள். எடுத்துப் பாருங்கள். தகடு துருப்பிடித்து ஓட்டையாகியிருந்தால் இரும்புக் கடையில் சொல்லி அதை மட்டும் மாற்றலாம். பழைய மண்பூச்சு உதிர்ந்திருக்கும், முழுக்கச் சுரண்டி எடுத்துவிடுங்கள். ஏரிக் களிமண்ணோடு உமியும் கொஞ்சம் சாணமும் சேர்த்துப் பிசைந்து, ஒரு நாள் புளிக்கவிட்டு, இரண்டு விரல் கனத்துக்குப் பூசி நிழலில் நாலைந்து நாள் உலர விடுங்கள். வெயிலில் வைத்தால் வெடிக்கும். முதல் நெருப்பைச் சின்னதாக, நாலு கரித்துண்டோடு வாசலில் போடுங்கள்.